வெள்ளம் வருமுன்: பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு விண்ணப்பம்

புயலையும் வெள்ளத்தையும் ஊரோடு விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்பது எம்மவர் பலரது எண்ணம். இந்நாட்டில் எமக்குப் பகை பனியும் குளிருமே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றோம். கையுறையும் தொப்பியும் இன்றிப் பிள்ளையை வெளியே அனுப்பாத நாம், நிலக்கீழ்த் தளத்தினுள் வெள்ளம் புகுந்தால் எவ்வழியால் வெளியேற வேண்டும் என்று அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றோமா? ஆண்டுவிழா மலரில் மொழியின் பெருமையைப் பேசுவது மரபு. அம்மரபைப் போற்றியவாறே, அம்மொழி ஒரு வீட்டில் ஓர் உயிரைக் காக்கக்கூடிய வகை பற்றி இவ்வாண்டு சில சொல்ல விழைகின்றோம்.

ஹேசல் கற்பித்த பாடம்

1954ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள், வெள்ளிக்கிழமை. ஹெயிற்றி நாட்டிற் பேரழிவை விளைவித்த 'ஹேசல்' என்னும் சூறாவளி அன்று காலை அமெரிக்காவின் கரோலைனாக் கரையைக் கடந்தது. கடலிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள ரொறன்ரோ மக்கள் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் வலுவிழந்திருக்க வேண்டிய அப்புயல், வழியிற் குளிர்காற்றுத் தொகுதியொன்றுடன் கலந்து மீண்டும் வலுப்பெற்றது. முன்னைய நாட்களின் மழையால் நிலம் ஏற்கனவே ஊறிக் கிடந்தது. பெய்த நீரை ஏற்க மண்ணில் இடமில்லாமையால் அத்தனையும் ஆறுகளிற் பாய்ந்தது.

அன்றிரவு ஹம்பர் ஆறு கரைபுரண்டது. றேமோர் டிரைவ் என்னும் ஒரே வீதியில் 14 வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு 35 பேர் மாண்டனர். பிறரைக் காக்கச் சென்ற தொண்டர் தீயணைப்புப் படையினர் ஐவரும் உயிரிழந்தனர். கனடாவில் மாண்டோர் மொத்தம் 81 பேர்.

இந்நகரம் அத்துயரத்தை வீணாக்கவில்லை. ஆற்றோரத் தாழ்நிலங்களில் மீண்டும் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. 1957இல் ரொறன்ரோப் பெரும்பாகத்துக்கெனப் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டு, பள்ளத்தாக்கு நிலங்கள் பொதுச் சொத்தாக்கப்பட்டன. வீடுகள் நின்ற றேமோர் வீதிப் பகுதி இன்று பூங்கா. கோடையில் நாம் குடும்பமாகக் கூடி உணவருந்தி மகிழும் ஆற்றோரப் பூங்காக்கள் பலவும் நீர் பரவுவதற்கென ஒதுக்கப்பட்ட இடங்களே என்பதை எம் பிள்ளைகளுள் எத்தனைபேர் அறிவர்?

இன்றைய வெள்ளம் எங்கிருந்து வருகின்றது?

அச்சட்டங்கள் ஆற்று வெள்ளத்திலிருந்து எம்மைப் பெரிதும் காக்கின்றன. ஆனால் இன்று வெள்ளம் ஆற்றால் மட்டும் வருவதில்லை. எங்கும் தாரும் சீமெந்தும் பரவிய நகரிற் பெருமழை சில மணிநேரத்திற் கொட்டினால் நிலத்தடிக் குழாய்கள் நிரம்பிவிடுகின்றன. அந்நீர் கழிவுநீருடன் சேர்ந்து வீட்டின் அடித்தளத் துவாரங்களினூடே மேலெழுகின்றது. 2005 ஓகஸ்ற் 19இற் பெய்த மழையில் ஃபிஞ்ச் வீதியின் ஒரு பகுதியே அடித்துச் செல்லப்பட்டது. 2013 யூலை 8ஆம் நாள் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவாயிற்று. அது ஹேசல் நாளில் அங்கு பதிவானதைவிட அதிகம். 2024 யூலை 16இல் டொன் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை மீண்டும் நீரில் மூழ்கியது.

நிலக்கீழ்த் தளங்களில் வாழ்வோர் யார்? புதிதாக வந்த குடும்பங்கள், மாணவர்கள், முதியோர். எம்மிற் பலர் இந்நாட்டு வாழ்வை அங்கேயே தொடங்கினோம். பின்னர் வீடு வாங்கி, அதன் அடித்தளத்தை வாடகைக்கு விட்டவர்களும் நாமே. அங்கு தப்பிச் செல்லப் போதிய வழியுண்டா, புகை உணர்கருவியும் நச்சுவாயு உணர்கருவியும் இயங்குகின்றனவா, கழிவுநீர் திரும்பி வராது தடுக்கும் வால்வு உண்டா என்று எத்தனை வீட்டுக்காரர் பார்த்துள்ளனர்? அவ்வால்வும் நீரிறைக்கும் பம்பியும் பொருத்துவதற்கு ரொறன்ரோ மாநகரசபை மானியம் வழங்குகின்றது. எம்மவரிடமே வாடகை வாங்கும் நாம், எம்மவரின் உயிருக்கும் பொறுப்பாளிகள் என்பதை மறத்தல் தகாது.

அம்மம்மா அறிந்ததும் பேத்தி அறிந்ததும்

2022 மே 21, விக்ரோறியா நாள் வார இறுதிச் சனிக்கிழமை. கடுங்காற்று வருமுன் கைப்பேசிகள் யாவும் ஒருங்கே அலறின. அறிவித்தல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வந்தது. நாம் அறிந்த வீடொன்றில் அம்மம்மா, தொலைபேசி பழுதாகிவிட்டது என்றெண்ணி அதனை அணைத்துவிட்டு, காயப்போட்ட துணிகளை எடுக்க முற்றத்துக்குச் சென்றார். பத்து வயதுப் பேத்தி அறிவித்தலை வாசித்தாள், பொருளும் விளங்கிற்று. ஆனால் அதனை அம்மம்மாவுக்குத் தமிழிற் சொல்ல அவளுக்குச் சொல் வரவில்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சற்று நேரத்தில் அயல்வீட்டு மரம் வேலியின் மேல் விழுந்தது. அன்று ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மரம் விழுந்து இறந்தோரே அவர்களுட் பலர்.

அந்த அம்மம்மா புயலை அறியாதவர் அல்லர். 1978 நவம்பர் 23ஆம் நாளிரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது அங்கிருந்தவர். காற்று ஓய்ந்தாற்போல் இருக்கும் வேளையில் வெளியே ஓடக்கூடாது, அது மறுதிசையிலிருந்து மீண்டும் வீசும் என்பதைப் பட்டறிந்தவர். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியைக் கடல் விழுங்கிய கதையை மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் முதியோர் இன்றும் சொல்வர். 2025 நவம்பரில் 'டித்வா' புயல் இலங்கையைத் தாக்கியபோது, இங்கிருந்து இரவிரவாகத் தொலைபேசியில் உறவுகளைத் தேடினோம். எம்மிடம் அனுபவம் நிறைய உண்டு. பிள்ளைகளிடம் இந்நாட்டின் மொழியும் செய்தியும் உண்டு. இவ்விரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றையொன்று எட்டவில்லை. எட்டச் செய்யவேண்டியது தமிழ்.

செய்யத்தக்கன

வார இறுதியிற் கிடைக்கும் சில மணிநேரம் எழுத்துக்கும் இலக்கணத்துக்குமே போதவில்லை. இதற்கெல்லாம் நேரம் ஏது என்று சில பெற்றோர் வினவலாம். அது நியாயமான கேள்வியே. ஆயினும், தேவைப்படும் மொழியே பிள்ளையின் நாவில் நிலைக்கும். ஆண்டுக்கு ஒரு பாடவேளை போதும். எச்சரிக்கை, வெளியேற்றம், மின்தடை, மேட்டுநிலம் போன்ற சொற்களைப் பிள்ளைகள் கற்கட்டும். கைப்பேசி அறிவித்தல் ஒன்றைத் தமிழிற் சொல்லப் பழகட்டும். வீட்டு முதியவர் ஒருவர் கண்ட புயலைக் கேட்டெழுதி வருவது அதற்குரிய வீட்டுவேலையாகட்டும்.

பெற்றோர்களே, மூன்று நாட்களுக்குப் போதுமான குடிநீர், உணவு, மருந்து, மின்சூள், மின்கலம் ஆகியவற்றை ஒரு பையில் வையுங்கள். கடவுச்சீட்டு முதலிய ஆவணங்களை நிலக்கீழ்த் தளத்தில் வைக்காதீர்கள். மின்சார இணைப்புகள் வரை நீர் ஏறிய அறையினுள் இறங்காதீர்கள். மின்சாரம் நின்றால் கரியடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டினுள்ளோ வாகனக் கொட்டகையினுள்ளோ இயக்காதீர்கள். 2013 டிசெம்பர் பனிப்புயலின்போது அவ்வாறு நச்சுவாயுவால் இறந்தோரும் இம்மாகாணத்தில் உண்டு. மாநகரசபையின் 311 இலக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழிற் பேசலாம் என்பதை வீட்டு முதியோருக்குச் சொல்லி வையுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஆற்றோரப் பூங்காவில் விளையாடும்போது அங்கு வீடுகள் ஏன் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பின்னர் வீடு சென்று, நீங்கள் கண்ட புயல் எது என்று அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டபின், கைப்பேசி அலறினால் என்ன செய்யவேண்டும் என்பதை அவர்களுக்குத் தமிழிற் சொல்லிக் கொடுங்கள். வெள்ளம் வருமுன் அணைகோலு என்றனர் எம் முன்னோர். அவ்வணையின் முதற்கல், வீட்டில் ஒருவரோடொருவர் பேசும் பேச்சேயாகும்.