வைத்தியர் சரி, வரலாற்றாசிரியர் கூடாதா?

அயோத்திதாச பண்டிதரை (1845–1914) மூன்று விதமாகச் சொல்லலாம்: சித்த வைத்தியர், அரசியல்வாதி, வரலாற்றாசிரியர். முதல் இரண்டை ஒப்புக்கொள்ள இங்கே ஆள் இருக்கு. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர். 2005இல் தபால்தலை. மூன்றாவதைச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். "அது வரலாறு இல்லீங்க, அரசியல்" என்று என்னிடமே சொன்னார் ஒரு பேராசிரியர்.

அரசியல் இல்லாத வரலாறு எது? சொல்லட்டும்.

அவர் வரலாற்றுக்கு வந்த வழியைப் பாருங்கள். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைத் தொடங்குகிறார். தீர்மானம், மனு, மாநாடு எல்லாம் செய்து பார்க்கிறார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து, சிவன், விஷ்ணு கோயிலுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்கிறார். அவை உங்கள் தெய்வங்கள் அல்ல என்று பதில் வருகிறது.

அந்தப் பதிலையே அவர் கேள்வியாகத் திருப்பினார். அப்படியானால் எங்களுடையது எது? அதைப் பறித்தது யார்? 1898இல் ஆல்காட்டுடன் இலங்கை போய்ப் பௌத்தரானார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. சாகும்வரை வாராவாரம் எழுதினார். 'இந்திரர் தேச சரித்திரம்' அங்கே பிறந்ததுதான். பறையர் என்று இழிக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை வீழ்த்தியவர்களே அவர்களைத் தாழ்த்தினார்கள் என்றார். தீண்டாமையின் வேரைத் தேடிய அம்பேத்கரும் 1948இல் பௌத்தத்தில்தான் வந்து நின்றார்.

ஆதாரம் எங்கே, சொல்லைப் பிய்த்துப் பிய்த்துப் பொருள் சொல்கிறாரே என்கிறார்கள். கல்வெட்டு வெட்ட நிலம் வேணும், கோயில் வேணும். சேரியில் இருந்தது சொல்லும் ஓலையும் பாட்டன் சொன்ன கதையும்தான்.

எங்கள் காரைக்காலில் ஊர் வரலாறு என்றால் 1739இல் பிரெஞ்சுக்காரன் வந்தது, அப்புறம் மாங்கனித் திருவிழா. தெற்கே கூப்பிடு தூரத்தில் நாகப்பட்டினம். ராஜராஜன் காலத்துச் சூடாமணி விகாரம் நின்ற ஊர். அங்கே எஞ்சியிருந்த பழைய செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் புத்தர் சிலைகள் வந்தன. சிலைகள் எழும்பூர் அருங்காட்சியகம் போயின. அவற்றைக் கும்பிட்ட ஜனங்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியைச் சேரியிலிருந்து கேட்டவர் பண்டிதர். அவர் விடை தப்பென்றால் சரியான விடையைச் சொல்லுங்க. கேள்வியை மூடாதீங்க.

அதற்காக அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அருந்ததியரையும் குறவரையும் அவர் தள்ளியே வைத்தார். அதை மறைப்பது துரோகம். யார் எங்களைத் தாழ்த்தினார்கள் என்று கேட்டவரை, நீங்கள் யாரைத் தாழ்த்தினீர்கள் என்று நாம் கேட்கணும். சிலைக்கு மாலை போடுகிறவனால் இது ஆகாது, வாசிக்கிறவனால்தான் ஆகும்.

வாசிக்க எழுத்தைக் காப்பாற்றியது எந்தப் பல்கலைக்கழகம்? கோலார் தங்கவயல் பௌத்தர்களின் சித்தார்த்தா புத்தகசாலை மறுபதிப்புப் போட்டுக் காத்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த பெரும் தொகுதிகள் பாளையங்கோட்டையிலிருந்து வர 1999 ஆனது. செத்து 85 வருஷம்!

ஆய்வுத் தலைப்போடு பேராசிரியர் வாசலில் நிற்கும் மாணவத் தோழர்களே, "இது வரலாறு ஆகாது" என்று சொன்னால் திரும்பி வராதீர்கள். ஏன் ஆகாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.