முள்ளந்தண்டை நீவினால் தோல் ஆறுமா?

நாட்பட்ட தோல் நோய்களுக்கும் ஒஸ்தியோபதியில் தீர்வுண்டு என்போர் இருக்கிறார்கள். முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் நீவிச் சரிசெய்தால் குருதியோட்டம் சீராகும். அது சீரானால் சொரியாசிசும் எக்சிமாவும் தாமே அடங்கும் என்பது அவர்களது வாதம்.

இதன் மூலவர் அமெரிக்கரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1874 இல் தமது கொள்கையை அறிவித்த அவர், 1892 இல் மிசூரி மாநிலத்தின் கேர்க்ஸ்வில் நகரில் கல்லூரியும் தொடங்கினார். பாதரசத்தை மருந்தென ஊட்டிய நூற்றாண்டு அது. அம்மருந்துகளை அவர் வெறுத்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நோயெதிர்ப்புத் தொகுதியின் பிறழ்வே சொரியாசிஸ் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோற்கலங்கள் அந்நோயில் சில நாள்களிலேயே மேலெழுந்து செதிலாகின்றன. எக்சிமாவுக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் தொடர்புண்டென 2006 இல் கண்டறிந்தனர். இவற்றில் முள்ளந்தண்டு எங்கே வருகிறது?

முதுகுவலிக்கு ஒஸ்தியோபதி உதவலாம், அதை மறுக்கவில்லை. பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பதிவுபெற்றே தொழில் செய்கிறார்கள். பதிவு இருப்பதால் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. என்பு, தசை சாராத நோய்களில் இச்சிகிச்சை பயன் தரும் என்பதற்குச் சான்று சொற்பம் அல்லது இல்லை என அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையே கூறுகிறது.

தீங்கில்லைத்தானே என்பீர்கள். சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டுவாதமும் வருகிறது. உரிய மருந்து பிந்தப் பிந்த மூட்டு நிரந்தரமாகச் சிதையும். விரல் வீங்கி வந்தவரை வாதநோய் நிபுணரிடம் அனுப்பாமல் மாதக்கணக்கில் நீவிக்கொண்டிருந்தவர், வாங்கிய கட்டணத்தையாவது திருப்பிக் கொடுப்பாரா?