மலைநாட்டுக்குத் தொழில் வருவது எப்படி?

மலைப் பிரதேசங்களில் உள்ள பட்டிக்காடுகளுக்கு வியாபாரத்தையும் இயந்திரத் தொழிலையும் எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்கின்ற பேச்சு இன்று பல தேசங்களிலும் பலமாக அடிபட்டு வருகின்றது. வாலிபர்கள் வேலையில்லாமல் ஊரைவிட்டுப் போகிறார்கள், பள்ளிக்கூடம் மூடப்படுகின்றது, கடை மூடப்படுகின்றது, கிழவர்களும் நோயாளிகளுந்தான் மிச்சம் என்றால், அப்படிப்பட்ட பேச்சு எழுவது இயற்கையேயாகும். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தொழிலை வரவழைப்பதற்கென்று கையாளப்படும் முறை இருக்கின்றதே, அதைப்பற்றித்தான் நமக்குப் பெரிய ஆட்சேபணை இருக்கின்றது.

வரி வேண்டாம் என்கிறார்கள். நிலம் சும்மா தருகிறோம் என்கிறார்கள். கட்டடமும் கட்டித் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் குறைந்த கூலிக்கு வாய் திறவாமல் வேலை செய்வார்கள் என்று விளம்பரமும் செய்கிறார்கள். மழை வேண்டி ஆட்டை வெட்டுகிறவனுக்கும், கம்பெனி வேண்டி ஊர்ச் சொத்தை வெட்டிக் கொடுக்கிறவனுக்கும் அறிவு விஷயத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். முன்னவனாவது தன் ஆட்டை வெட்டுகின்றான். பின்னவனோ ஊராரின் ஆட்டையல்லவா வெட்டுகின்றான்?

இதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் நடந்துவந்த ஒரு அனுபவத்தை எடுத்துக்காட்டியே சொல்லுகின்றோம்.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா என்னும் மாகாணத்தின் தென்கோடியில் மக்டவல் என்று ஒரு கவுண்டி இருக்கின்றது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் நாட்டு ஜில்லாவைப் போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்த பிரதேசம். எங்கு பார்த்தாலும் செங்குத்தான மலையும் குறுகிய பள்ளத்தாக்குமே தவிர, சமதரை என்பது அபூர்வம். 1880களில் இந்தப் பக்கத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது. ரயிலோடு நிலக்கரிக் கம்பெனிகளும் வந்தன. இதைவிடப் பெரிதாகத் தொழில் வருவதென்பது எந்த மலைநாட்டிலும் நடந்திருக்க முடியாது. அமெரிக்காவிலேயே அதிகமாக நிலக்கரி எடுக்கும் கவுண்டி என்று நெடுங்காலம் அதற்குப் பெயர் இருந்தது. அந்தக் கரியைக் கொண்டுதான் பெரும் பெரும் இரும்பாலைகள் எஃகு உருக்கின. 1950ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி அங்கே 98,887 பேர் வாழ்ந்தார்கள்.

சரி, 2020ஆம் வருஷத்துக் கணக்கு என்ன? 19,111 பேர். அதாவது ஐந்து பேரில் ஒருவர் அளவுக்குத்தான் மிச்சம். நாட்டிலேயே மிக ஏழைக் கவுண்டிகளின் வரிசையில் அதன் பெயர் அடிக்கடி சொல்லப்படுகின்றது. அவ்வளவு தொழிலும் வந்த ஊருக்கு இந்தக் கதி எப்படி நேர்ந்தது என்பதை யோசிக்காமல், "தொழில் வந்தால் போதும், எல்லாம் சரியாய்விடும்" என்று சொல்லுகிறவர்களை என்னவென்று சொல்லுவது?

காரணம் ஒன்றும் மாயமல்ல. வந்தது தொழில், ஆனால் அதன் பலன் ஊரில் தங்கவில்லை. நிலமும், நிலத்துக்கு அடியில் கிடந்த கரியும் வெளியூர்க் கம்பெனிகளின் சொத்தாயின. தொழிலாளி குடியிருந்த வீடு கம்பெனியின் வீடு. அவன் அரிசி பருப்பு வாங்குவதுபோல் மாவும் உப்பும் வாங்கிய கடை கம்பெனியின் கடை. பல இடங்களில் கூலியைக்கூட சர்க்கார் நாணயமாகக் கொடாமல், கம்பெனி தானே அடித்த காசாகக் கொடுத்தார்கள். அந்தக் காசு அந்தக் கடையில்தான் செல்லும். வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல தந்திரம் வேறு என்ன வேண்டும்?

இதைத் தட்டிக்கேட்ட தொழிலாளிகளுக்கு என்ன கிடைத்தது? பக்கத்துக் கவுண்டியில் மேட்வான் என்னும் ஊரின் போலீஸ் தலைவராயிருந்து தொழிலாளிகள் பக்கம் நின்ற சிட் ஹாட்ஃபீல்டு என்பவரை, 1921 ஆகஸ்ட் 1ந் தேதி, மக்டவல் கவுண்டியின் தலைநகரான வெல்ச் கோர்ட்டுப் படிக்கட்டிலேயே கம்பெனிகளின் கூலி ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். நியாயம் கேட்கும் இடத்து வாசற்படியிலேயே இப்படியென்றால், மற்ற இடத்தைப் பற்றிக் கேட்பானேன்?

பிறகு 1940களின் கடைசியில், பல ஆட்கள் செய்யும் வேலையைத் தானே வெட்டி வாரும் இயந்திரங்கள் சுரங்கத்துக்குள் வந்தன. இயந்திரத்தை நாம் குறை சொல்லவில்லை. மனிதனுடைய முதுகெலும்பு முறியாமல் வேலை நடக்க வேண்டும் என்பதே நம் ஆசை. ஆனால் அந்த இயந்திரத்தின் லாபம் யாருக்குப் போயிற்று, அதனால் வந்த பட்டினி யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. மேற்கு வர்ஜீனியா முழுவதும் 1948ல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த சுரங்கத் தொழிலாளிகள் 1960களின் ஆரம்பத்தில் ஐம்பதினாயிரத்துக்கும் குறைந்துவிட்டார்கள். 1961 மே மாதத்தில், ஏழைகளுக்கு உணவுச் சீட்டு வழங்கும் புதுத் திட்டத்தை அமெரிக்க சர்க்கார் பரீட்சை பார்த்தபோது, முதல் சீட்டு வழங்கப்பட்டது எங்கே தெரியுமா? தேசத்தின் எஃகுக்கெல்லாம் கரி கொடுத்த இந்த மக்டவல் கவுண்டியில்தான்! கேரி என்னும் ஊரில் பெரிய எஃகுக் கம்பெனி நடத்திவந்த சுரங்கங்களும் 1980களில் மூடப்பட்டன. 2005ல் கிம்பல் என்னும் ஊரில் வால்மார்ட் கடை வந்தது. இனி கவலையில்லை என்றார்கள். 2016 ஜனவரியில் அந்தக் கம்பெனி உலகமெங்கும் 269 கடைகளை ஒரே வீச்சில் மூடியபோது கிம்பல் கடையும் அதில் ஒன்றாய்ப் போயிற்று. 2010ல் அங்கே ஆரம்பமான மற்றொரு "தொழில்" என்னவென்றால், மத்திய சர்க்காரின் சிறைச்சாலை!

நிற்க, இதற்குச் சிலர் ஒரு சமாதானம் சொல்லுகின்றார்கள். மலைவாசிகள் சோம்பேறிகள், படிப்பில்லாதவர்கள், பழைய பழக்கத்தை விடாதவர்கள், ஆகையால் அங்கே தொழில் தங்குவதில்லை என்கிறார்கள். ஏழையின் ஏழ்மைக்கு அவனுடைய பிறப்பையும் குணத்தையுமே காரணமாகச் சொல்லி, அவன் சொத்தைத் தின்றவனைத் தப்பவிடும் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. மண்ணுக்கடியில் உயிரைப் பணயம் வைத்துத் தலைமுறை தலைமுறையாய் உழைத்தவர்களா சோம்பேறிகள்? அமெரிக்க தேசத்தின் சட்டசபைகளில் எதிலாயினும் அமர்ந்த முதல் நீக்ரோப் பெண்மணி என்று அக்காலத்தில் சொல்லப்பட்ட கறுப்பினப் பெண்மணி மின்னி பக்கிங்ஹாம் ஹார்ப்பர், 1928ல் இதே மக்டவல் கவுண்டியின் பிரதிநிதியாகத்தான் நியமனம் பெற்று அமர்ந்தார். அப்படிப்பட்ட ஊராரைப் பார்த்து, அறிவில்லாதவர்கள் என்று சொல்லுகிறவர்களின் அறிவைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டியிருக்கின்றது.

உண்மையான தடை எது என்பதை 1980களின் தொடக்கத்தில் வெளியான ஒரு ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. அப்பலாச்சியப் பிரதேசத்தின் 6 மாகாணங்களில் 80 கவுண்டிகளின் நிலப் பதிவுகளை, உள்ளூர் ஜனங்களே சர்க்கார் ஆபீசுகளில் உட்கார்ந்து புரட்டிக் கணக்கெடுத்தார்கள். உள்ளூர் ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவரும், வெளியூர்ச் சொந்தக்காரர்களும், கம்பெனிகளும், சர்க்கார் இலாகாக்களும் சேர்ந்து நிலப்பரப்பில் நூற்றுக்கு 53 பங்கையாவது வைத்திருப்பதாகத் தெரியவந்தது. பூமிக்கடியில் உள்ள கனிப்பொருளுக்கு அற்ப வரியே கட்டப்பட்டது. நிலம் ஒருவனுடையது, வரி இல்லை, ஊர் மட்டும் இவர்களுடையது என்றால், பள்ளிக்கூடம் நடத்தப் பணம் எங்கிருந்து வரும்? குழாய்த் தண்ணீர் எப்படி வரும்? சாக்கடைக்கு வழி எப்படி ஏற்படும்? அழுக்குத் தண்ணீர் நேரே ஓடையில் கலக்கும் ஊருக்கு, 2001லும் 2002லும் அடுத்தடுத்து வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போன ஊருக்கு, வரி விலக்கு என்கின்ற மிட்டாயைக் காட்டி எந்தக் கம்பெனியை அழைக்க முடியும்?

அன்றியும், சலுகைக்காக வருகிறவன் அதைவிடப் பெரிய சலுகையைக் கண்டால் போய்விடுவான் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் நெசவாலைகளின் சரித்திரத்தைப் பார்க்கலாம். அமெரிக்காவின் வடகிழக்கில் இருந்த ஆலைகள் குறைந்த கூலியைத் தேடித் தெற்கே போயின. 1936ல் மிசிசிப்பி மாகாணம், ஊராரின் பேரில் கடன் வாங்கி ஆலைக்காரனுக்குக் கட்டடம் கட்டிக் கொடுப்பதைச் சட்டமாகவே செய்தது. மற்ற மாகாணங்களும் போட்டி போட்டுக்கொண்டு அதையே செய்தன. கடைசியில் நடந்ததென்ன? 1994ல் வட அமெரிக்க வியாபார ஒப்பந்தம் அமுலுக்கு வந்த பின், அந்த ஆலைகளில் பல மெக்சிகோவுக்கும் ஆசியாவுக்கும் மூட்டை கட்டின. குறைந்த கூலி என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிற ஊர், தன்னைவிடப் பட்டினியான ஊர் ஒன்று இல்லாத வரையில்தான் ஜெயிக்கும். அப்படிப்பட்ட ஜெயம் மானமுள்ள மனிதன் விரும்பத்தக்கதா?

சாலை போட்டால் தொழில் வந்துவிடும் என்பார் சிலர். 1965ல் அப்பலாச்சியப் பிரதேசத்துக்கென்று ஒரு கமிஷன் ஏற்படுத்தி மூவாயிரம் மைலுக்கு மேல் நெடுஞ்சாலை போடத் திட்டமிட்டார்கள். சாலை அவசியந்தான், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாதை என்பது உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் ஒன்றேயாகும். ரயில் வந்துதானே கரியெல்லாம் வெளியே போயிற்று? ஊரில் கற்றவன் நிற்பதற்கு ஒரு காரணம் இல்லாவிட்டால் அந்தச் சாலையிலேயே அவனும் போய்விடுவான்.

"அப்படியானால் நீங்கள் சொல்லும் வழிதான் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கும் அந்த மலைத்தொடரிலேயே விடை இருக்கின்றது.

கெண்டக்கி மாகாணத்தில் ஜாக்சன், ஓஸ்லி என்று இரண்டு மலைக் கவுண்டிகள். இரண்டும் சேர்ந்து 17,000 பேர்தான். ஓஸ்லி மிக ஏழ்மையான கவுண்டி என்று பெயரெடுத்தது. அங்கே டெலிபோன் நடத்துவது முதலாளிக் கம்பெனியல்ல, சந்தாதாரர்களே சொந்தக்காரர்களாயுள்ள கூட்டுறவுச் சங்கம். 1949ல் அமெரிக்க சர்க்கார் கிராமத்து மின்சாரக் கடன் திட்டத்தை டெலிபோனுக்கும் விரித்தபோது நாடெங்கும் எழுந்த சங்கங்களின் வகையைச் சேர்ந்தது அது. இந்தச் சங்கம், சர்க்காரின் கடனையும் உதவித் தொகையையும் வாங்கி, கண்ணாடி இழைக் கம்பியை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோவதென்று தீர்மானித்தது. வண்டி ஏறாத இடத்தில் கோவேறு கழுதையைக் கொண்டு கம்பி இழுத்தார்கள். 2014க்குள் வேலை முடிந்தது. பெரிய நகரங்களில்கூட அப்போது எல்லாருக்கும் கிடைக்காத வேகமான இணையத் தொடர்பு அந்த மலைக்குடிசைகளுக்குக் கிடைத்தது. அதன் பின், வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனிகளுக்கு வேலை செய்யும் பயிற்சி கொடுத்து, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு கவுண்டிகளும் இதனால் செல்வம் கொழிக்கும் ஊர்களாகிவிட்டன என்று நாம் பொய் சொல்ல வரவில்லை. இன்றும் ஏழ்மை இருக்கத்தான் செய்கின்றது. ஆனால் ஒரு கம்பெனி போய்விட்டாலும் கம்பி போகாது. கற்ற வித்தையும் போகாது. சங்கமும் அவர்களுடையது. இதுதான் முக்கியமான வித்தியாசம்.

மக்டவலிலும்கூட, 2000ல் திறக்கப்பட்ட ஹாட்ஃபீல்டு-மக்காய் மலைப்பாதைகளில் மோட்டார் வண்டி ஓட்ட வருகிறவர்களுக்கு உள்ளூரார் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பிழைக்கிறார்கள். சிறிய தொழில்தான், ஆனால் லாபம் ஊரில் தங்குகின்றது. 2021ல் அமெரிக்க சர்க்கார், கைவிடப்பட்ட சுரங்கங்களால் கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் சீர்திருத்த 1,130 கோடி டாலர் ஒதுக்கிற்று. அந்த வேலை உள்ளூர் ஆட்களுக்குக் கிடைக்குமானால், கெடுத்த தொழிலே சோறு போட்டது போய், கெட்டதைச் சரிசெய்வதே சோறு போடுவதாகும்.

ஆகவே மலைநாட்டுக்குத் தொழில் வேண்டும் என்கிறவர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இவைதான். முதலாவது, வெளியூர்க்காரன் வைத்திருக்கும் நிலத்துக்கும் கனிப்பொருளுக்கும் நியாயமான வரி போடுங்கள். இரண்டாவது, அந்தப் பணத்தைத் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியசாலைக்கும் கம்பிக்கும் செலவு செய்யுங்கள். மூன்றாவது, எந்தக் கம்பெனிக்காவது சலுகை கொடுத்தே தீரவேண்டுமானால், இத்தனை பேருக்கு இத்தனை வருஷம் இவ்வளவு கூலியில் வேலை கொடுக்க வேண்டும், தவறினால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று முச்சலிக்கா எழுதி வாங்குங்கள். அந்தக் கணக்கை ஊரார் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். நான்காவது, உள்ளூரான் ஒருவன் பட்டறையோ கடையோ வைக்க முன்வந்தால், வெளியூரானுக்குக் கொடுக்க நினைத்ததில் ஒரு பங்கை அவனுக்குக் கடனாகக் கொடுத்துப் பாருங்கள்.

இவற்றைச் செய்யாமல் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டு முதலாளி வருவான் வருவான் என்று காத்திருப்பது, வானத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்பதேயாகும். வந்தவன் எல்லாம் இருந்ததை எடுத்துக்கொண்டு போனதுதான் மக்டவலின் சரித்திரம். தன்னிடம் இருப்பதன் விலை தனக்குத் தெரியாத ஊருக்கு எத்தனை தொழில் வந்தாலும் தரித்திரம் போகாது. விலை தெரிந்துகொண்ட ஊரோ யாரையும் கும்பிட வேண்டியதில்லை. சமமாக உட்கார்ந்து பேரம் பேசலாம். அந்த யோக்கியதையை மக்களுக்கு உண்டாக்குவதே மலைநாட்டுத் தலைவர்களின் முதல் தொழிலாயிருக்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயமாகும்.