டி.ஆர். பட்டினத்து பிளேடு நம்ம லேப்புக்கு வரணும்

ஹீட் ட்ரீட்மென்ட்னு சொன்னா நமக்கு என்ன ஞாபகம் வருது? ஸ்டீல் துண்டைப் பழுக்கக் காய்ச்சு, எண்ணெயில் முக்கு, ராக்வெல்லில் ஹார்ட்னஸ் பாரு, ரெக்கார்டு எழுது. அவ்வளவுதான். ஆனா நெடுங்காட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், டி.ஆர். பட்டினத்தில், 2000-இல் தொடங்கின 32.5 மெகாவாட் கேஸ் பவர் பிளான்ட் இருக்கு. கேஸ் டர்பைனோட சூடான பகுதியில் சுத்துற பிளேடுகிட்ட இந்த ஸ்டீல் கதை செல்லாது.

அங்கே நிக்கல் சூப்பர் அலாய்தான். உதாரணத்துக்கு ஐ.என். 738. அதை 1120 டிகிரியில் 2 மணி நேரம் வச்சு, காத்தில் ஆறவிட்டு, திரும்ப 845 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பாங்க. அலுமினியமும் டைட்டானியமும் நிக்கலோட சேர்ந்து ‘காமா பிரைம்’ என்ற நுண்துகள்களா நிற்கும். பலமே அதுதான்.

சிக்கல் அப்புறம்தான் ஆரம்பிக்குது. டர்பைனுக்குள்ளே போன பிறகும் ஏஜிங் நிக்காது. சின்னத் துகள் கரைஞ்சு பெரிய துகளை வளர்க்கும். ஃப்ரீஸரில் நாள்கணக்கா கிடந்த குல்ஃபி நறநறன்னு ஆகுதே, அதே சமாச்சாரம். 8 மடங்கு நேரம் ஆனா துகள் சுமார் 2 மடங்கு பெருசாகும். இடைவெளி கூடும், டிஸ்லொகேஷன் நழுவிடும், க்ரீப் வலிமை குறையும். கிரெயின் பவுண்டரியில் கார்பைடும் தடிச்சுப் போகும்.

இதை நம்ம ஃபர்னஸில் செஞ்சு பார்க்க வழியில்லை. ஒரு செமஸ்டர் முழுக்க அணைக்காமல் எரிச்சாலும் 3000 மணி நேரம் தாண்டாது (சாயங்காலம் அஞ்சு மணிக்கே லேப்பைப் பூட்டிடுவாங்க, அது வேற). 50,000 மணி நேரம் வேணும்னா ஆறு வருஷத்துக்குக் கிட்ட ஆகும். அந்த நேரத்தை யாரோ ஏற்கெனவே செலவழிச்சு முடிச்ச பிளேடு, ஆயுசு முடிஞ்சா பழைய உலோகமா எடைக்குத்தான் போகும். அதில் ஒண்ணைக் காலேஜ் கேட்டு வாங்கணும்னு சொல்றேன்.

முழு பிளேடு தரலைன்னாலும் நீளவாக்கில் வெட்டின ஒரு துண்டு போதும். வேர்ப்பகுதி அவ்வளவா சூடாகாது, பழைய மைக்ரோஸ்ட்ரக்சர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இறக்கைப் பகுதிதான் வெந்து முதிர்ந்திருக்கும். ‘முன்’, ‘பின்’ ரெண்டும் ஒரே துண்டில்! கார்பைடு நம்ம ஆப்டிகல் மைக்ராஸ்கோப்பிலேயே தெரியும். காமா பிரைமுக்கு மட்டும் எஸ்.இ.எம். இருக்கிற இடத்துக்குப் போகணும். திருவேட்டக்குடி என்.ஐ.டி.யில் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.