கல்லைச் சுமக்கலாம், படிக்கக் கூடாதா?

ஓமலூரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் போனால் கருப்பூர் தாண்டியதும் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் மேடுகள் தெரியும். அங்கே கல் உடைத்து, பொறுக்கி, கூடை சுமந்து இடுப்பொடிந்தவர்களில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர். பொம்பளைக்குக் கல் வேலை ஆகாது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. பிளஸ் டூ முடித்து, நிலவியல் படிக்கிறேன் என்று நான் சொன்னபோதுதான் சொன்னார்கள்: "காடு மேடெல்லாம் சுத்தோணும் கண்ணு, பொட்டப்புள்ளைக்கு ஆவாது." தமிழ் படித்தேன். தமிழ்மீது வருத்தமில்லை. அந்த வாக்கியத்தின்மீது இன்னும் கோபம் தீரவில்லை.

இப்போது என் மாணவி ஒருத்தியின் தங்கைக்கு அதே வாக்கியம். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளில் ஒரு சொல்கூட மாறவில்லை.

பாதுகாப்பு என்பார்கள். அதன் கதையையும் பார்ப்போம். பெண்களை நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து படிப்படியாக வெளியேற்ற 1929இல் வெள்ளையர் அரசு விதி போட்டது. 1943இல் போருக்கு நிலக்கரி போதவில்லை. தடையைத் தளர்த்திப் பெண்களைக் கீழே இறக்கினார்கள். தேவை தீர்ந்ததும் 1946இல் மறுபடி தடை. சுதந்திர இந்தியாவின் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும், 46ஆம் பிரிவில், அதையே எழுதி வைத்தது. சுரங்கம் ஒன்றும் சொர்க்கமல்ல, தெரியும். ஆனால் கரி அள்ளும் கூலிப் பெண்ணைக் காப்பதாகச் சொன்ன சட்டம், பாறையை ஆராய வரும் பொறியாளரையும் வாசலிலேயே நிறுத்தியது. தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளுக்குப் பெண்கள் கீழே இறங்கலாம் என்று 2019இல்தான் அனுமதி வந்தது. அதுவும் பகலில் மட்டும்.

2025 ஜூனில் காஷ்மீரின் செனாப் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் ஜி. மாதவி லதாவின் படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. ஆற்றுமட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியரான அவர், அந்த மலைச்சரிவுகளுக்காகவும் அடித்தளத்துக்காகவும் 17 ஆண்டுகள் ஆலோசகராக உழைத்தவர். தோண்டத் தோண்ட, முதல் ஆய்வில் தெரியாத பிளவுகளும் பொந்துகளும் வெளிப்பட்டன. கண்ட பாறைக்கேற்ப வடிவமைப்பை அங்கங்கே மாற்றிக்கொண்டே போனார்கள். பாறை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் வேலை அது. பத்திரிகைகள் புகழ்ந்து மாலை போட்டன. அவரோ, ஆயிரக்கணக்கானவர்களில் தானும் ஒருத்தி, வீணாகப் பிரபலமாக்க வேண்டாம் என்றார். மாலை போட்டவர்கள் வேறொன்று கேட்டிருக்கலாம். 1909இல் தொடங்கிய நிறுவனத்தின் கட்டடப் பொறியியல் துறைக்கு ஒரு பெண் ஆசிரியர் வர 2000 தாண்ட வேண்டியிருந்ததே, ஏன்?

சேலம் அரசு கலைக் கல்லூரியில் நிலவியல் இருக்கிறது. மேற்படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அதே கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம். டவுன் பஸ் தூரம்.

விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். பாலத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவருடைய அம்மா மேக்னசைட் கூடை சுமந்தவர். அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்கப் போகிறேன்.