விரல் அசையாவிட்டால் வாசகர் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பத்மாராவ் நகரில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். ரயில்வே, வங்கி, அரசு அலுவலகம் என்று ஆளுக்கொரு திசையில் உழைத்துவிட்டு, செகந்தராபாத்தையே சொந்த ஊராக்கிக் கொண்டவர்கள். ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம். நடுநடுவே பேச்சும் உண்டு, காப்பியும் உண்டு. சென்ற ஆண்டு கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை மறுபடி முதலிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

வாசிப்பவர் எங்களில் நல்ல குரல்வளம் உள்ளவர். மின்சார எஞ்சின் டிரைவராக இருந்து 2012-ல் ஓய்வு பெற்றவர். கண் பார்வை மங்கிவிட்டதால் அச்சுப் புத்தகம் இப்போது அவருக்கு ஒத்து வருவதில்லை. பேத்தி வாங்கிக் கொடுத்த டேப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, தூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நிறுத்தி நிதானமாக வாசிப்பார்.

அன்று முதல் அத்தியாயம். ஆடிப்பெருக்கு, வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வருகிறான். உடனே ஒரு நண்பர் குறுக்கிட்டார். "இந்த ஏரித் தண்ணிதானே சார் இப்ப மெட்ராசுக்குப் போகுது?" ஆமாம், அதே வீராணம்தான், 2004 முதல் குழாய் வழியே சென்னைக்குத் தண்ணீர் போகிறது என்று இன்னொருவர் விளக்கினார். பேச்சு இரண்டு நிமிடம் நீண்டிருக்கும். வாசிப்பவர் திரும்பிப் பார்த்தால் திரை இருண்டு கிடக்கிறது. தொட்டார், கடவு எண் கேட்டது. அழுத்தினார், தவறு என்றது. மறுபடி அழுத்தி உள்ளே போனால் வாசித்த இடம் தப்பிவிட்டது. தேடிப் பிடித்து அரைப் பக்கம் வாசித்திருப்பார், மீண்டும் இருட்டு. மூன்றாம் முறை அவசரத்தில் எண்ணைப் பலமுறை தவறாக அழுத்திவிட, கொஞ்ச நேரம் கழித்து முயலுமாறு கருவி கதவைச் சாத்திக்கொண்டது.

"வேற யாராவது படிங்க சார். எனக்கு இதெல்லாம் கைவரலை. வயசாயிடுச்சு" என்று டேப்லட்டைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கடைசி வார்த்தைதான். அவருக்கு வயதானது உண்மை. ஆனால் அன்று திரை இருண்டதற்கும் அவருடைய வயதுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கருவிக்குள் யாரோ 30 விநாடி என்று ஓர் எண்ணை வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். ஓர் எண்ணின் குற்றத்தை ஒரு மனிதர் தம் தலையில் போட்டுக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

திரை ஏன் தானாக அணைகிறது? காரணமில்லாமல் இல்லை. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் அது பாஸ்பரப் பூச்சில் தழும்பாகப் பதிந்துவிடும். அதைத் தடுக்கத்தான் அலுவலகக் கணினிகளில் மீன் நீந்துவதும் குழாய் வளைவதுமாக ஸ்கிரீன் சேவர்கள் ஓடின. பிறகு மின் சிக்கனம் என்ற எண்ணம் வந்தது. அமெரிக்காவில் 'எனர்ஜி ஸ்டார்' முத்திரைத் திட்டம் 1992-ல் தொடங்கியது. சும்மா இருக்கும் கணினி தானாக உறங்க வேண்டும் என்பது அதற்குப் பின் பரவலான வழக்கமாயிற்று. கையில் எடுத்துச் செல்லும் கருவி வந்தபோது இந்தச் சிக்கனம் கட்டாயமாகவே ஆகிவிட்டது. ஏனெனில் பாட்டரியை அதிகம் தின்பவற்றில் திரையின் வெளிச்சம் முன்னணியில் நிற்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. மத்திய அரசு மாணவர்களுக்காக 2011 அக்டோபர் 5-ந் தேதி தில்லியில் வெளியிட்ட 'ஆகாஷ்' என்ற மலிவு விலை டேப்லட்டை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏழு அங்குலத் திரை. அரசு கொடுத்த விலை ஏறக்குறைய 2,276 ரூபாய். அதை உருவாக்கியது டேட்டாவிண்ட் நிறுவனம். பாகங்களைப் பொருத்தி முழுமையாக்கியது நம் ஹைதராபாத்தில். அந்த விலையில் அதற்குக் கிடைத்த பாட்டரி 2,100 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே. அத்தகைய கருவியில் சில விநாடிகளில் திரை அணைவது நியாயம். இல்லையெனில் மாணவன் ஒரு பாடம் முடிப்பதற்குள் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். இன்றோ நடுத்தர விலை டேப்லட்டிலேயே 7,000-க்கு மேல் சாதாரணமாகக் கிடைக்கிறது. பாட்டரி வளர்ந்துவிட்டது. கஞ்சத்தனம் மட்டும் பல கருவிகளில் பழைய அளவிலேயே நிற்கிறது.

மூன்றாவது காரணம் பாதுகாப்பு. இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். விசாரித்ததில், அந்த 30 விநாடியை வைத்தது நண்பரின் பேத்திதான் என்று தெரிந்தது. "தாத்தா டேப்லட்டை எங்கயாவது வச்சுட்டுத் தூங்கிடுவார், பென்ஷன் அக்கவுண்ட் எல்லாம் அதுலதான் இருக்கு" என்றாள் அந்தப் பெண். அக்கறையினால் செய்த காரியம். அவள் மேல் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

இரண்டு வாரம் கழித்து நண்பரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். பேச்சுவாக்கில் அவரே தம் எஞ்சினைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தி, இந்த விஷயத்தை எனக்குத் தெளிவாக்கியது.

மின்சார எஞ்சினில் டிரைவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்க ஒரு விழிப்புக் கருவி உண்டாம். ஒரு நிமிடம் வரை அவர் எந்தப் பிடியையும் பொத்தானையும் தொடாமல் இருந்தால் அது சந்தேகப்படும். ஆனால் உடனே வண்டியை நிறுத்தாது. முதலில் விளக்கு மின்னும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒலி எழுப்பும். அதற்கும் அசைவில்லை என்றால்தான் பிரேக்கைப் போடும். "அது கேட்டுட்டுத்தான் சார் செய்யும். அதோட, நான் ஹாரன் அடிச்சாக்கூட நான் இருக்கேன்னு அதுக்குத் தெரியும். வேகத்தைக் கூட்டினாலும் குறைச்சாலும் தெரியும். என் வேலை எதுவோ அதுவே பதில்" என்றார்.

என் வேலை எதுவோ அதுவே பதில்! டேப்லட்டில் இல்லாதது இதுதான். அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: விரலால் தொடுவது. தொட்டால் ஆள் இருக்கிறார், தொடாவிட்டால் போய்விட்டார். ஆனால் வாசிப்பு என்பது விரலின் வேலையா? நல்ல வாசகர் கையைக் கட்டிக்கொண்டுதான் வாசிப்பார். ஒரு வரியில் நின்று யோசிப்பார். பக்கத்திலிருப்பவருக்கு அர்த்தம் சொல்வார். பேரக் குழந்தைக்குப் பாடம் சொல்லித் தரும் பாட்டி, பாட்டு வகுப்பில் சாகித்தியத்தைப் பார்த்துக்கொண்டே தாளம் போடும் அம்மாள், சமையற் குறிப்பைப் பார்த்து மாவு பிசையும் கை, இவர்கள் எல்லோருமே கருவியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர்கள். கருவியின் கணக்கில் மட்டும் இவர்கள் 'இல்லாதவர்கள்'. விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனுக்குத் திரை ஒருபோதும் அணையாது. நிதானமாக வாசிப்பவருக்குத்தான் அணைகிறது.

எச்சரிக்கையே இல்லை என்றும் சொல்லக் கூடாது. அணைவதற்குச் சில விநாடி முன்பு திரை சற்று மங்குகிறது. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு அது போதும். ஏற்கெனவே பார்வை மங்கியவருக்கு அந்த மங்கல் எப்படித் தெரியும்?

கண்ணைப் பார்த்து முடிவு செய்யும் வசதியும் வந்திருக்கிறது. சாம்சங் நிறுவனம் 2012-ல் தன் கேலக்ஸி எஸ்-3 கைப்பேசியிலேயே, முன்பக்கக் கேமரா முகத்தைக் கண்டால் திரையை அணைக்காத ஏற்பாட்டைத் தந்தது. நல்ல யோசனைதான். ஆனால் வெளிச்சம் போதாவிட்டாலும், கருவியை மடியிலோ தரையிலோ கிடத்தி வைத்தாலும் கேமராவுக்கு முகம் அகப்படாது. நம் பெரியவர்கள் டேப்லட்டை எங்கே வைத்து வாசிக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆகவே முதலில் நாமே செய்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லட்டுகளில் 'செட்டிங்ஸ்', அதில் 'டிஸ்ப்ளே', அதில் 'ஸ்கிரீன் டைம் அவுட்' என்று போனால் நேரத்தை 10 நிமிடமாகவோ, கருவி இடங்கொடுத்தால் 30 நிமிடமாகவோ மாற்றலாம். ஐபேடில் 'டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்' பகுதியில் 'ஆட்டோ லாக்' என்று இருக்கும். 2, 5, 10, 15 நிமிடங்களும், அணையவே வேண்டாம் என்பதற்கு 'நெவர்' என்பதும் உண்டு. மாற்றியும் அணைகிறதென்றால் 'லோ பவர் மோட்' என்ற மின் சிக்கன நிலை இயங்குகிறதா என்று பாருங்கள். ஐபேடில் அது நேரத்தை 30 விநாடிக்குக் குறைத்துவிடும்.

'நெவர்' வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மறதியாக வைத்துவிட்டுப் போனால் பாட்டரியும் தீரும், பிறர் கண்ணிலும் படும். பத்து அல்லது பதினைந்து நிமிடம் போதும். பணத்தைப் பற்றிய பயத்துக்கு வேறு வழி இருக்கிறது. யு.பி.ஐ. வழியே பணம் அனுப்பப் பொதுவாகத் தனி ரகசிய எண் வேண்டும். வங்கிச் செயலிகளும் திறக்கும்போதே தனிப் பூட்டுக் கேட்கின்றன. பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கும்போது, தாத்தா கூடத்தில் உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு இருமுறை வாசற்கதவைச் சாத்த வேண்டியதில்லை.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, இதே ஊரில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. ஹைடெக் சிட்டியின் சைபர் டவர்ஸ் 1998-ல் திறக்கப்பட்டது முதல், எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மென்பொருள் வேலைக்காகவே இங்கு வந்திருக்கின்றன. மாதாப்பூரிலும் கச்சிபவுலியிலும் செயலி எழுதுகிறவர்களில் நம் உறுப்பினர்களின் மகன்களும் மகள்களும் மருமக்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டேன். திரைப்படம் ஓடும்போது திரை அணைவதில்லையே, அது எப்படி என்று. "அந்த ஆப்பே திரையை அணைக்காதேன்னு சொல்லிடும் அங்கிள். ஆண்ட்ராய்டுல அதுக்கு ஒரு வரி எழுதினாப் போதும்" என்று பதில் வந்தது. இணையப் பக்கங்களுக்கும் இந்த வசதி வந்துவிட்டது. குரோம் உலாவியில் 2020-லும், ஆப்பிளின் சஃபாரியில் 2023-லும் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு வரி! சினிமா பார்ப்பவருக்காக எழுதப்படும் அந்த ஒரு வரி, புத்தகம் வாசிப்பவருக்காக ஏன் எல்லாச் செயலிகளிலும் எழுதப்படவில்லை? வாசிப்பு என்பதும் ஒரு நிகழ்ச்சிதான் என்று எழுதுகிறவருக்குத் தோன்றவில்லை. தமிழ் நூல்களுக்கான செயலியோ தளமோ செய்கிற இளைஞர்கள், பக்கம் திறந்திருக்கும் வரை, குறைந்தது பதினைந்து நிமிடமாவது, திரை விழித்திருக்கும்படி செய்யட்டும். அணைக்கும் முன் எஞ்சினைப் போலக் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படி ஒருமுறை கேட்கட்டும்.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயமாகவும் இருக்கலாம். அங்கே தெருமுனையில் புத்தகம் கிடைக்கும். இங்கே, எங்கள் பேட்டையில் தமிழ் வார இதழ்கள் தொங்கிய கடை இப்போது கைப்பேசி உறை விற்கிறது. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகளால் பழைய நூல்கள் எல்லாம் திரைக்கு வந்திருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கும் வசதியால், புத்தகத்தை மூடி வைத்துவிட்ட கண்கள் மறுபடி திறந்திருக்கின்றன. வெளிமாநிலத்தில் வாழும் ஒரு முதியவருக்குத் தமிழ் வாசிக்கக் கிடைக்கும் ஜன்னல் பெரும்பாலும் அந்தத் திரைதான். அது இருண்டால் அவர் புகார் செய்ய மாட்டார். "எனக்குத் தெரியலை" என்று எழுந்து போய்விடுவார்.

எனவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பெரியவர்கள் தத்தம் டேப்லட்டோடு வரட்டும். இளைஞர்கள் இருவர் உட்கார்ந்து, அவரவர் தேவையைக் கேட்டு, நேரத்தை மாற்றித் தரட்டும். மாற்றித் தருவதோடு, எங்கே போய் மாற்றினோம் என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.

எங்கள் நண்பருக்கு அவர் பேத்தியே அரை நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தாள். பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறாள். சென்ற ஞாயிறு அவர் வாசித்தார். பூங்குழலி படகு விடும் கட்டம். வழக்கம்போல ஒருவர் குறுக்கிட்டார். கோடியக்கரை எங்கே இருக்கிறது, இலங்கை அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று வாக்குவாதம் நடந்தது. காப்பி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் குனிந்து பார்த்தார். விட்ட வரி அதே இடத்தில் இருந்தது.