முழங்கால் சொல்லும் வரை காத்திராதவர்

ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை ஆஷ் பார்ட்டி ஓய்வை அறிவித்தபோது அவருக்கு 25 வயது. உலகத் தரவரிசையில் முதலிடம். ஆஸ்திரேலிய ஓபனை வென்று இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 2022 மார்ச் 23ஆம் தேதி அந்தச் செய்தி வந்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இந்த வயதிலா?

வயதைக் கணக்குப் பார்க்கிறவர்கள், அவர் எத்தனை வருடமாக ராக்கெட் பிடித்தார் என்று பார்ப்பதில்லை. சின்னக் குழந்தையாக பிரிஸ்பேனில் ஆடத் தொடங்கியவர். 15 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம். அதோடு சேர்ந்து வந்த எதிர்பார்ப்பைத் தாங்க முடியாமல் 18 வயதில் ஒருமுறை டென்னிஸை விட்டே விலகிப் போனார். பிரிஸ்பேன் ஹீட் அணிக்காக கிரிக்கெட் ஆடினார். 2016இல்தான் திரும்பினார். போதாததற்கு ஆஸ்திரேலிய ஆட்டக்காரர்களுக்கு வீடு வெகுதூரம். கொரோனா கட்டுப்பாடுகளால், 2021 மார்ச்சில் கிளம்பிய பார்ட்டியால் செப்டம்பரில்தான் ஊர் திரும்ப முடிந்தது. விம்பிள்டனை வென்றது அந்தப் பயணத்தில்தான்.

அவருடைய கடைசி ஆட்டத்தை நான் இன்னும் போட்டுப் பார்ப்பதுண்டு. மெல்போர்னில் அந்த ஆஸ்திரேலிய ஓபன் இறுதிப் போட்டி, எதிரில் டேனியல் காலின்ஸ். முதல் செட்டை 6-3 என்று எடுத்த பார்ட்டி, இரண்டாவதில் 1-5 எனப் பின்தங்கிவிட்டார். அங்கிருந்து ஒவ்வொரு கேமாக மீட்டு, டைபிரேக்கரில் முடித்தார். அவர் ஐந்தரை அடிக்கும் சற்றுக் குறைவு. ஓங்கி அடிக்கிற காலத்தில் பேக்ஹேண்ட் ஸ்லைஸை நம்பி ஆடியவர். அந்தப் பந்து எழும்பாது. தரையை உரசிக்கொண்டு வழுக்கிப் போகும். எதிரில் இருப்பவர் குனிந்து குனிந்தே எடுக்க வேண்டும், வேகம் கூட்ட வழியே இருக்காது. கடைசிப் புள்ளி விழுந்ததும், எப்போதும் அமைதியாக இருப்பவர் வாய்விட்டுக் கத்தினார். ஆஸ்திரேலியர் ஒருவர் அங்கே ஒற்றையர் பட்டம் வென்று 44 வருடம் ஆகியிருந்தது. கோப்பையைக் கொடுத்தவர் இவான் கூலகாங். இருவரும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள். பார்ட்டி சிறுவயதிலிருந்தே கொண்டாடிய வீராங்கனை அவர்.

டென்னிஸில் பெரும்பாலும் உடம்புதான் தேதி குறிக்கிறது. அதே 2022 பிப்ரவரியில், பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் ஆறாத முழங்காலோடு புவனஸ் அயர்ஸில் ஆடிய வீரர் டெல் போட்ரோ, தலையில் கட்டியிருந்த பட்டையை வலையில் மாட்டிவிட்டு அழுதபடி போனார். செப்டம்பரில் ஃபெடரர் போனதற்கும் முழங்கால்தான் காரணம். பார்ட்டியை எந்தக் காயமும் வெளியே தள்ளவில்லை. விம்பிள்டன்தான் தன் கனவு, அது நிறைவேறிவிட்டது, மேலே கொடுக்க உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை என்று தோழி கேசி டெலாக்குவாவிடம் பேசும் காணொளியில் சொன்னார். தரவரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடவும் கேட்டுக்கொண்டார். முதலிடம் இகா ஷ்வியான்டெக்குக்குப் போனது.

ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும், திரும்ப வருவாரா என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த ஸ்லைஸை இன்னொரு தடவை பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனாலும் நான் கேட்க மாட்டேன். 18 வயதில் விலகியவர், திரும்ப வேண்டும் என்று அவருக்கே தோன்றியபோது வந்தார். அப்படித் தோன்றாத ஒருவரை, நாம் பார்த்து மகிழ்வதற்காக மறுபடி ஊர் ஊராக அலையச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.